நத்தார் இரவுக்கு ஒடியற்கூழ்: வன்னியில் கிடைக்கும் ஒடியல் மா பற்றிய மதிப்பீடு

வன்னியிலுள்ள கிறிஸ்தவ வீடுகளில் நத்தார் விருந்து என்றவுடன் மஞ்சள் சோறு, கோழிக் கறி, கட்லட், கஜு நிறைந்த ரிச் கேக் என்ற வரிசையே எல்லோர் மனத்திலும் எழும். அண்மைக் காலத்தில் அவ்வரிசையிற்கூடச் சோற்றின் இடத்தை, கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உள்ள கடைகளுக்கு முன்கூட்டியே சொல்லி எடுப்பிக்கும் பிரைட் ரைஸ் பிடித்துக்கொண்டு வருகிறது. எங்கள் குடும்பம் இந்த வழமையை விட்டு, நத்தார் இரவில் முற்றத்து அடுப்பில், காய்ந்த பனங்கிழங்கின் மாவில் மீனும் நண்டும் சேரும் ஒடியற்கூழ் காய்ச்சுகிறது. கூழ் எங்களுக்குப் புதிய உணவன்று. ஆனால் அதனைப் பெருநாள் விருந்தின் தலைமை உணவாக வைப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லாத செயல். அப்படி வைப்பதென்றால் விருந்தின் தரம் ஒடியல் மாவிலேயே தங்கியிருக்கிறது. மீனும் நண்டும் எவ்வளவு நல்லவையாக இருந்தாலும் மா பழுதென்றால் கிடாரம் முழுவதும் பழுது. ஆகவே வன்னியில் கிடைக்கும் ஒடியல் மா வகைகளை இவ்விருந்துக்கு ஏற்றவையா என்ற நோக்கில் மதிப்பிட்டு, அதனைச் சுற்றி மற்றவற்றைத் திட்டமிடும் முறையையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அறிந்துகொள்ள வேண்டியது, மார்கழி மாதம் ஒடியல் மா வாங்குவதற்கு நல்ல மாதமன்று என்பதே. பனம்பழம் ஆடி, ஆவணியில் விழும். அதன் விதைகளைப் பாத்தியில் அடுக்கி மண்ணால் மூடிவிட்டால் மூன்று நான்கு மாதங்களில் கிழங்கு விளையும். மார்கழிக் கடைசியிலிருந்து தை, மாசி வரை பாத்தி கிண்டுவார்கள். பிடுங்கிய கிழங்கை அவிக்காமல் தோலுரித்து, இரண்டாகக் கிழித்து, நல்ல வெயிலில் காயவிட்டால் அது ஒடியல். அவித்த பின் காயவிட்டால் புழுக்கொடியல். மாரி மழை ஓய்ந்து வெயில் பிடித்த பின்னரே ஒடியல் முறையாகக் காயும் என்பதால், நத்தாருக்கு நாம் வாங்கும் மா பெரும்பாலும் கடந்த மாசி, பங்குனி வெயிலில் காய்ந்த ஒடியலிலிருந்து வந்ததாகவே இருக்கும். அறுவடைக்கும் விருந்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு வருடம் கடந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் அதனை ஒடியலாக வைத்திருந்தார்களா, மாவாக அரைத்து வைத்திருந்தார்களா, ஈரம் படாமல் காத்தார்களா என்பவையே தரத்தைத் தீர்மானிக்கின்றன. பொதியின் படமோ கடையின் பெயரோ இதைச் சொல்லாது.

வன்னியில் ஒடியல் மா மூன்று வழிகளில் கைக்கு வருகிறது. முதலாவது, பெயரும் நிறையும் திகதியும் அச்சிடப்பட்ட மூடிய பொதி. பனை அபிவிருத்திச் சபை 1978 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பின்னரும், பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் பனம்பொருள்களைப் பொதியிட்டு விற்கத் தொடங்கிய பின்னரும், இத்தகைய பொதிகள் ஏ-9 வீதியோர நகரங்களில் தேடி அலையாமல் கிடைக்கும் பொருளாக ஆகியிருக்கின்றன. இவ்வகை மாவின் நன்மை வெளிப்படையானது. மண், தூசி, வண்டு எதுவும் இல்லாமல் சுத்தமாக இருக்கும். எப்போது பொதியிட்டார்கள் என்பது தெரியும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் திரும்பும்போது பெட்டியில் வைத்துக் கொடுக்கவும் ஏற்றது. குறை என்னவென்றால், அச்சிட்ட திகதி பொதியிட்ட திகதியே தவிர, ஒடியல் காய்ந்த திகதியோ அரைத்த திகதியோ அன்று. நகரத்துக் கடையொன்றின் மேல்தட்டில், கூரைத் தகரத்தின் வெக்கை படும் இடத்தில் கிடந்த பொதியை வாங்கிப் பிரித்தபோது, உள்ளே மா கட்டிபட்டுப் பழைய சாக்கின் மணம் வீசியது. முடிவுத் திகதியோ இன்னும் கடக்கவில்லை. அந்த மணம் எத்தனை முறை ஊறவைத்துத் தண்ணீர் வார்த்தாலும் போகாது. எனவே மூடிய பொதி வாங்குபவர்கள் பொதியை விரல்களால் அழுத்திப் பார்த்து, மா உதிரியாக ஓடினால் மட்டும் எடுக்க வேண்டும்.

இன்னொரு கவனமும் இங்கே தேவை. புழுக்கொடியல் மாவும் ஒடியல் மாவும் ஒரே தட்டில், ஏறக்குறைய ஒரே தோற்றமுள்ள பொதிகளில் அடுக்கப்பட்டிருக்கும். புழுக்கொடியல் மா தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துக் குழைத்து உண்ண அருமையானது; ஆனால் கிழங்கை ஏற்கனவே அவித்துவிட்டதால் அதன் மாச்சத்து கூழைத் தடிப்பாக்கும் வலுவை இழந்துவிட்டது. அதைக் கூழில் கரைத்தால் மீன் தண்ணீரின் அடியில் மா படியும், கூழ் தடிக்காது. கடைக்குச் சிறுவரை அனுப்புபவர்கள் பெயரை எழுதிக் கொடுத்து அனுப்புவது நல்லது.

இரண்டாவது வழி, வீதியோரத் தட்டிகளிலும் கிராமச் சந்தைகளிலும் பெண்கள் தாமே இடித்தோ அரைத்தோ அரித்து, பொலித்தீன் பையில் கட்டி விற்கும் மா. பூநகரிப் பக்கம், முல்லைத்தீவுக் கரையோரம் போன்ற பனை நிறைந்த இடங்களிலிருந்து வருவது இது. விற்பவரே செய்தவர் என்பதால், எப்போது காயவிட்டது, எப்போது அரைத்தது, பீலி எடுத்ததா என்று கேட்டால் நேரான பதில் கிடைக்கும். பீலி என்பது கிழங்கின் நடுவே ஓடும் மெல்லிய தண்டு. அதை எடுக்காமல் அரைத்தால் மாவில் தும்பு நிற்கும், கூழ் தொண்டையில் உறுத்தும். இந்த மாவின் மணத்துக்கு மூடிய பொதி மா பெரும்பாலும் ஈடாகாது. ஆனால் தரம் கைக்குக் கை மாறுகிறது. ஒருவர் கொடுத்தது பட்டுப்போல் இருந்தது. அதே சந்தையில் இன்னொருவரிடம் வாங்கியதில் மணல் கடித்தது. பாயிலோ சீமெந்துத் தரையிலோ காயவிடாமல் நிலத்தில் காயவிட்டால் மணல் சேர்வதைத் தவிர்க்க முடியாது. ஊறவைக்கும்போது அடியில் படியும் மாவோடு மணலும் சேர்ந்தே படியும் என்பதால் பின்னர் பிரிக்கவும் வழியில்லை. ஒரு சிட்டிகை மாவை நாக்கில் வைத்துப் பற்களுக்கிடையே நெரித்துப் பார்ப்பது ஒன்றே இதற்கான சோதனை. நல்ல விற்பனையாளர் எவரும் இதற்குக் கோபிப்பதில்லை.

மூன்றாவது வழியை நான் எல்லாவற்றிலும் மேலாகக் கருதுகிறேன்: மாவை வாங்காமல் ஒடியலை வாங்கி, நத்தாருக்கு முந்திய வாரத்தில் மில்லில் கொடுத்து அரைப்பிப்பது. ஒடியல், மாவை விடப் பல மடங்கு நாள் தாங்கும். அதன் தரத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். முறித்தால் சட்டென்று ஒலியோடு முறிய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது. முறிந்த இடம் வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளையாக இருக்க வேண்டும். கருப்புப் புள்ளியோ சாம்பல் படிவோ இருந்தால் பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று பொருள், அதை மலிவு விலைக்கும் வாங்கக் கூடாது. மில்லில் ஒரே ஒரு சிக்கல் உண்டு. பெருநாள் காலத்தில் மில்காரர் நாள் முழுவதும் மிளகாய்த் தூளும் கறிச்சரக்கும் அரைத்துக்கொண்டிருப்பார். அதன் பின்னால் நம் ஒடியலைப் போட்டால் மா சிவந்து காரம் ஏறிவிடும். காலையில் அரிசி மா அரைத்து முடிந்தவுடன் போடும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். அரைத்த மாவை வீட்டில் ஒருமுறை அரித்து, தும்பை நீக்கிவிட்டால் வேலை முடிந்தது. விலையிலும் இதுவே குறைவு. அலைச்சல் மட்டும் கூடுதல்.

எந்த மாவாக இருந்தாலும் ஊறவைப்பதில் அவசரம் கூடாது. ஒடியலுக்கு இயல்பாகவே ஒரு கைப்பு உண்டு. மாவை நிறையத் தண்ணீரில் கரைத்துச் சில மணி நேரம் வைத்தால் மா அடியில் படியும். மேலே நிற்கும் நிறம் மாறிய தண்ணீரை வார்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். இரண்டு மூன்று தடவை இவ்வாறு செய்தால் கைப்பு அளவோடு நிற்கும். முழுவதும் போக்கிவிட முயல்வது எனக்கு உடன்பாடில்லை. அந்த மெல்லிய கைப்புத்தான் புளியையும் உறைப்பையும் தாங்கி நிற்கிறது. சிறுவர் அதிகமுள்ள வீட்டில் மட்டும் ஒரு தடவை கூடுதலாகத் தண்ணீர் மாற்றலாம். முதல் வகைப் பொதி மா மிக நைசாக இருப்பதால் படிவதற்கு அதிக நேரம் எடுக்கும். பொறுக்காமல் வார்த்தால் மாவில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும்.

இனிக் கிடாரத்துக்குள் போகும் மற்றப் பொருட்களுக்கு வருகிறேன். மாரி காலத்தில் முல்லைத்தீவுக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். வள்ளங்கள் இறங்காத நாட்கள் பல. நத்தாருக்கு முந்திய நாள் கரைக்குப் போய் மீன் வாங்கலாம் என்ற நம்பிக்கையில் விருந்தைத் திட்டமிடக் கூடாது. நண்டுக்கு மேற்குக் கரையை, அதாவது பூநகரி, நாச்சிக்குடாப் பக்கத்தை நாடுவது பயன் தரும். அங்கே பிடிபடும் நீலக்கால் நண்டில் பெரியவை ஏற்றுமதிக்குப் போய்விட்டாலும், கூழுக்குத் தேவையானது பெரிய நண்டன்று. நடுத்தர நண்டை உடைத்துப் போட்டால் அதன் சாறு கூழில் முழுமையாக இறங்கும். இறாலுக்கு நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் ஆகிய களப்புகள் இருக்கின்றன. மீனில் ஓரா, ஒட்டி, திரளி போன்றவை சுவை கூட்டுவன, ஆனால் முள் மிகுந்தவை. சிறுவரும் முதியவரும் அரைகுறை வெளிச்சத்தில் உண்ணும் விருந்தில் பாரைத் துண்டுகளும் பெரிய மீனின் தலையுமே பாதுகாப்பானவை. கடல் மீன் அறவே கிடைக்காவிட்டால் நல்ல கருவாட்டை வெந்நீரில் கழுவிப் போடலாம். அதுவும் கூழுக்குப் பொருந்தும் சுவைதான். இரணைமடு விராலைச் சிலர் பரிந்துரைப்பர். குளத்து மீனின் சேற்று மணம் ஒடியலின் மணத்தோடு மோதுவதாக எனக்குத் தோன்றுவதால் நான் தவிர்க்கிறேன்.

பத்துப் பேருக்கு எங்கள் வீட்டு அளவு இது: ஒடியல் மா 500 கிராம், தண்ணீர் ஏறத்தாழ 6 லீற்றர், மீன் 1 கிலோ, நண்டும் இறாலும் தலா அரைக் கிலோ, ஒரு பிடி அரிசி, மரவள்ளிக் கிழங்கும் பயிற்றங்காயும் தலா கால் கிலோ, பலாக்கொட்டை கிடைத்த அளவு, பழப்புளி 100 கிராம், செத்தல் மிளகாய் உறைப்புக்கேற்ப. தண்ணீர் கொதித்ததும் அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயிற்றங்காய் என்ற வரிசையில் போட்டு, அவை முக்காற்பதம் வெந்த பின் மீனும் நண்டும் இறாலும் சேர்க்க வேண்டும். மரவள்ளி வேகும் வரை பானையை மூடாமல் வைப்பது நம் முன்னோர் வழக்கம். கிழங்கிலுள்ள நச்சுத்தன்மை ஆவியோடு வெளியேற அது உதவுகிறது. எல்லாம் வெந்த பின், உப்போடு அம்மியில் அரைத்த செத்தல் மிளகாயையும் புளிக் கரைசலையும் ஊறிய மாவில் கலந்து, ஒருவர் ஊற்ற இன்னொருவர் அகப்பையால் இடைவிடாமல் துழாவ வேண்டும். இந்தக் கட்டத்தில் துழாவுவதை நிறுத்தினால் அடிப்பிடிக்கும். மாவின் பச்சை வாசம் போய்க் கூழ் மினுங்கத் தொடங்கியதும் முருங்கையிலையைத் தூவி இறக்கலாம். முன்னர் சொன்ன மூன்று மாக்களில் அரைப்பித்த மாதான் விரைவாகவும் சீராகவும் தடிக்கிறது. பொதி மா சில வேளை நூல்போல் இழுபடும் தன்மை காட்டுகிறது.

இவ்விருந்தைத் திட்டமிடுவோர் மறந்துவிடக் கூடாத விடயம் ஒன்று உண்டு. வன்னிக் குடும்பங்கள் பலவற்றில் கத்தோலிக்கரும் சைவரும் கலந்திருக்கிறார்கள். நத்தாருக்கு அயலவரும் வருவார்கள். மார்கழித் திருவாதிரைக்கு முந்திய திருவெம்பாவை நாட்கள் பல ஆண்டுகளில் நத்தாரை ஒட்டியே வருகின்றன. அந்நாட்களில் சைவ உறவினர் மச்சம் தொடமாட்டார்கள். மஞ்சள் சோற்று விருந்தில் அவர்களுக்கு எஞ்சுவது பருப்பும் உருளைக்கிழங்கும் மட்டுமே. கூழ் விருந்தில், வேறு அடுப்பில், வேறு பானையில், வேறு அகப்பையோடு மரக்கறிக் கூழ் காய்ச்சினால் அவர்களும் அதே உணவை அதே நேரத்தில் உண்ணலாம். அதற்குப் பூசணி, வாழைக்காய், பலாக்கொட்டை, கீரை ஆகியவற்றைக் கூடுதலாகச் சேர்த்துப் புளியைச் சற்றுக் குறைக்க வேண்டும். மீனின் சாறு இல்லாத இக்கூழில் மாவின் தரம் ஒளிந்துகொள்ள இடமில்லை என்பதால், நல்ல மாவை முதலில் இந்தப் பானைக்கே ஒதுக்குகிறேன். நண்டும் இறாலும் ஒவ்வாதவர்களுக்கும் இதுவே உணவு.

கூழை விருந்தாக ஏற்க மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் மறுப்பை மதிக்க வேண்டும். "பெருநாள் நாளில கூழோ பிள்ளை காய்ச்சப் போறியள்?" என்று எங்கள் பெரியம்மா கேட்டபோது அதில் வெறும் பழமைப் பற்று மட்டும் இருக்கவில்லை. போரின் இறுதிக் கட்டமான 2009 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் காய்ச்சிய கஞ்சியில் உயிர் தாங்கிய மக்கள் இந்த மண்ணில் வாழ்கிறார்கள்; ஒவ்வொரு வைகாசியிலும் அக்கஞ்சியை வீதியில் காய்ச்சிப் பகிர்ந்து இறந்தோரை நினைவுகூருகிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு முன்னால் பெருநாளன்று ஒரு கிடாரத்தையும் அகப்பையையும் வைப்பதற்கு முன் அவர்களிடம் கேட்பது கடமை. நாங்கள் கேட்டோம். பெரியம்மாவே பின்னர் மீனின் அளவையும் நண்டின் அளவையும் இரட்டிப்பாக்கச் சொல்லி, புளி கரைக்கும் வேலையைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். இல்லாமையில் காய்ச்சியதற்கும் எல்லாம் இருக்கும்போது விரும்பிக் காய்ச்சுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவரைப் போன்றவர்கள் எவரையும் விட நன்றாக அறிவார்கள். ஆயினும் எந்த வீட்டிலாவது ஒருவர் மனம் நொந்தால், அங்கே இவ்விருந்தைச் செய்யாதிருப்பதே சரி.

பக்க உணவுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கூழோடு கடித்துக்கொள்ளத் தேங்காய்ச் சொட்டும், பொரித்த மோர் மிளகாயும் போதும். உறைப்புத் தாங்காத சிறுவருக்காக இடியப்பமும் சொதியும் சிறிதளவு வைக்கலாம். இனிப்புக்கு, கேக்கை முற்றாக விலக்கும்படி சொல்லமாட்டேன். அதைத் திருப்பலிக்குப் பின் பலகாரத் தட்டோடு வைத்துவிட்டு, இரவு விருந்தின் முடிவில் பனம்பழக் களியைக் காயவிட்டுப் பாணியில் ஊறவைத்த பாணிப் பனாட்டையும் ஓலைக் குட்டானில் வரும் பனங்கட்டியையும் வைக்க வேண்டும். பனங்காய்ப் பணியாரம் இக்காலத்தில் கிடைக்காது. பனாட்டு அதன் சுவையை மாரி வரை கொண்டுவருகிறது. குடிப்பதற்கு இஞ்சிப் பானம் வைக்கும் வழக்கமுள்ளோர் அன்றைக்கு அதைத் தவிர்க்கலாம். மரவள்ளி உண்ணும் நாளில் இஞ்சி சேர்ப்பதை நம் பெரியோர் விலக்கியே வந்திருக்கிறார்கள். பனையோலையில் மடித்த பிளாவில் கூழை வார்த்துக் கொடுத்தால் ஓலையின் மணமும் சேரும். பிளா மடிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் பிள்ளைகளுக்கு அன்று மாலையே சொல்லிக்கொடுக்கலாம். கூழ் வார்த்த பிளாவைக் கீழே வைக்க முடியாது என்பதால், எல்லோரும் கையில் ஏந்தியபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே உண்ண வேண்டியிருக்கும், கைத்தொலைபேசிக்கு இடமில்லை.

நேரம் குறித்துச் சில சொற்கள். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு வந்து சேரக் காலை ஒரு மணிக்கு மேலாகிவிடும். பெண்கள் உறக்கமின்றி மீண்டும் சோறு, கறி என்று அடுப்படியில் நிற்பது நத்தார் நாளின் பெருந்துன்பம். கூழ் விருந்தில் பகல் முழுவதும் ஓய்ந்திருந்து, மாலை நான்கு மணிக்கு மேல் வேலை தொடங்கலாம். நண்டு உடைப்பது, இறால் கோது நீக்குவது, பயிற்றங்காய் முறிப்பது, முருங்கையிலை ஆய்வது, விறகு தள்ளுவது என ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுக்கக் கூடிய வேலைகள் இதில் நிறைய உள்ளன. மழைக்கு முற்றத்தில் ஒரு தறப்பாள் கட்டி, விறகை முதல் நாளே திண்ணைக்கு ஏற்றிவிட வேண்டும். மாவை மட்டும் காலையிலேயே ஊறவைக்க மறக்கக் கூடாது. கூழ் ஆற ஆற இறுகும் என்பதால் முன்கூட்டிக் காய்ச்சி வைக்க முடியாது. எட்டு மணிக்கு உண்பதானால் ஏழரைக்குத்தான் மாவை ஊற்ற வேண்டும். முல்லைத்தீவுக் கரையோரக் குடும்பங்களுக்கு இரவு நேரத்தோடு முடியும் விருந்தே தேவை. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கொண்டுபோனவர்களுக்காக மறுநாள் காலையில் செபத்துக்கும் அஞ்சலிக்கும் போக வேண்டியவர்கள் அவர்கள். ஒரு கிடாரமும் சில பாத்திரங்களும் மட்டும் கழுவ வேண்டிய விருந்து அவர்களுக்கு உதவியானது.

மாவின் தரவரிசையில் என் முடிவு இது. ஒடியலாக வாங்கி அரைப்பிப்பது முதல் இடம். தெரிந்த கையிலிருந்து வாங்கும் சந்தை மா இரண்டாம் இடம். உதிரியாக இருக்கும் மூடிய பொதி மூன்றாம் இடம், ஆனால் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்து கடைசி நேரத்தில் வருபவர்களுக்கு அதுவே நம்பகமானது. வன்னியிலேயே இருப்பவர்கள் அடுத்த நத்தாருக்கான ஒடியலை வரும் மாசியில், பாத்தி கிண்டி வெயில் பிடித்தவுடன் வாங்கிவிட வேண்டும். வாங்கியதை வீட்டு முற்றத்தில் பாய் விரித்து இன்னும் சில நாள் காயவிட்டு, நன்றாக ஆறிய பின், மூடியுள்ள தகரத்தில் வேப்பிலைச் சருகோடு அடைத்து, நிலத்தில் படாமல் பலகை மேல் வைக்கலாம். சித்திரை, வைகாசி வெயிலில் ஒருமுறை எடுத்துக் காட்டி அடைத்தால் வண்டு வராது. கார்த்திகை மழை தொடங்கிய பின் தகரத்தைத் திறக்கக் கூடாது. மில்லுக்குக் கொண்டுபோகும் நாளன்றே திறக்க வேண்டும்.